வெடிப்புக்கு முன்னம்

அம்பகாமம் காட்டோரம். பத்தே காலுக்குத் தேத்தண்ணி.
முகக்கவசத்தைக் கழற்றினால்
அதன் விளிம்பு நெற்றியில் சிவப்புக் கோடாக நிற்கும்.
எனக்கும் சலோமிக்கும் ஒரே கோடு.

அவள்தான் தொடக்கினாள்.
ஞாயிறு சபையில் போதகர் சொன்னாராம்,
உலகம் ஒரு வெடிப்பில இருந்து வந்ததெண்டு
பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாங்கள் என்று.
"நீ பௌதிகம் படிச்சனி. சொல்லு பாப்பம்.
வெடிச்சு ஏதாவது உண்டானதை
நீ கண்டிருக்கிறியே?"

என் பிஸ்கற் ஊறி, தேத்தண்ணிக்குள் விழுந்தது.

உயர்தரச் சோதனைக்கு மூன்று மாதம் இருக்கையில்
எங்கள் பள்ளிக்கூடம் உழவு இயந்திரத்தில் ஏறி
இடம்பெயர்ந்தது, மேசை கதிரைகளோடு.
பௌதிகக் கொப்பி மாத்தளன் வரைக்கும் வந்தது.
அங்கே அதன் கடைசிப் பாடத்தைக் கிழித்துத்தான்
அடுப்பு மூட்டினோம்.
கடைசிப் பாடம் இதுதான்.

"அது வெடிப்பில்லையடி.
பேர் வைச்சவன் பிழையா வைச்சிட்டான்.
ஒண்டும் சிதறேல்ல. அப்பமா புளிச்சுப் பொங்கிற மாதிரி.
சட்டிக்குள்ள ஒரு மூலையில இல்லை,
எல்லா இடமும் ஒரேயடியாப் பொங்கும்."

"மாவை ஆர் கரைச்சது?"

புஸ்பகாந்தன் சிரித்தான். எங்கள் அம்புலன்ஸ் சாரதி.
அவனுக்கு வேலை வரக்கூடாது என்பதுதான்
நாள்தோறும் அவன் வைக்கும் நேர்த்தி.
"கரைக்க ஆளேன்? எங்கட ஒட்டுசுட்டானார்
தான்தோன்றி. ஒட்டைச் சுட்ட சாம்பலுக்குள்ளால
தன்பாட்டில வந்தவர்.
ஒருத்தரும் வெடிக்க வைக்கவுமில்லை,
உண்டாகக்கடவது எண்டு சொல்லவுமில்லை."

சலோமி அவனைப் பார்க்கவேயில்லை.
"சரி, பொங்கினதெண்டே வை.
அதுக்கு முன்னம் என்ன இருந்தது?"

கொப்பியில் பதில் இருந்தது:
முன்னம் என்று ஒன்றில்லை, நேரமே அதோடுதான் தொடங்கிற்று.
சொல்ல வாயெடுத்தேன்.
எனக்குத் தெரிந்த ஒரு வெடிப்புக்கு முன்னம்
அண்ணா வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.
சலோமி தனக்குத் தெரிந்ததைச் சொன்னதில்லை.
அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சபை,
அது மட்டும் தெரியும்.

விசில் ஊதிற்று.

ஒரு மீற்றர் அகலம் என் பாதை.
இரு பக்கமும் சிவப்புத் தடிகள்.
இந்த மண்ணே டிடெக்டரில் மெல்ல முனகும்.
மண்ணில் இரும்பு.
இரும்பு வரைக்கும்தான் நட்சத்திரம் எரியுமாம்,
இரும்பு நிறைந்ததும் செத்துச் சிதறுமாம்.
அந்தச் சாவின் துகள் இங்கே என் காலடியில் கிடந்து
சத்தம் போடுகிறது,
நான் மூச்சைப் பிடிக்கிறேன்.

பதினொன்று இருபதுக்கு முனகலை மீறி ஒரு சத்தம்.
முழங்காலிட்டேன். வேலைக்காகத்தான்.
தூரத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.
இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால்
சலோமியின் உதடுகள் அசைந்தன.
எனக்காக என்று தெரியும்.
நான் தடுக்கவில்லை.
அந்த நேரத்தில் யாரும் தடுப்பதில்லை.

பக்கவாட்டில் சுரண்டினேன்,
விரலிடை விரலிடையாக, அரைமணி நேரம்.
துரு.
ஒரு வளைவு.
வரிசையாக மூன்று துளை.

பிணைச்சல். கதவின் பிணைச்சல்.
ஒரு துளையில் ஆணி இன்னும் இருந்தது,
ஆணியைப் பிடித்தபடி நகத்தளவு பலகை,
அதில் நீலப் பெயின்ற்.

"ஆற்ற கதவு?" என்றாள் சலோமி.
புஸ்பகாந்தன் வாங்கி விரித்துப் பார்த்தான்.
பாதி திறந்தது. அதற்கு மேல் மாட்டேனென்றது.

படிவம் எடுத்தேன்.
ஆழம்: ஒன்பது சென்ரிமீற்றர்.
வகை: வேறு.
நிலத்தின் முன்னைய பாவனை என்ற கட்டத்தில்
காடு என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது.
அதைக் கோடிட்டு வெட்டினேன்.
மேலே என்ன எழுத?

பேனையைச் சலோமியிடம் நீட்டினேன்.
வாங்கினாள்.
வெகுநேரம் வைத்திருந்தாள்.